உன் வழி வந்த கண்

எம்மா, என்னைப் பெத்தவளே,

நீ போய் இந்த மழையோடு ஒரு வருஷம் ஆகிறது. நம் ஒற்றை அறைக் கோலிக்குள் வழக்கம்போல் தண்ணீர் வந்துவிட்டது. கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து, தையல் மெஷினையும் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். நீ கேட்டுக்கொண்டிரு.

ஆனால் இது உனக்கு மட்டும் இல்லை. நம் சாலில், இந்த வரிசை வீடுகளில், பையன்கள் சேர்ந்து கையாலேயே எழுதி ஒரு பத்திரிகை நடத்துகிறார்களே, வாசகசாலை மேஜையில் நூல் கட்டிப் போட்டிருப்பார்களே, அதில் இதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். "எக்கா, செத்தவங்களுக்கு எழுதுததுன்னா பாட்டு மாதிரி நாலு வரி எழுதுங்க" என்றான் அதை நடத்துகிறவன். "பாட்டுக்கு வேற ஆளப் பாருல. நான் சண்ட போடப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். குழாயடியில் உன்னைப் பற்றிப் பேசினவர்கள் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டட்டும்.

அண்ணன் கதை இந்தத் தாராவியில் பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் தெரியும். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நம் ஞானராஜ் அண்ணன்தான் இந்த வரிசையில் எஸ்.எஸ்.சி. தேறின முதல் ஆள். தேறினதோடு நிற்கவில்லை. ரயில்வேயில் அசிஸ்டன்ட் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குப் பரீட்சை எழுதினான், அதிலும் தேறினான், நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டதிலும் தேறினான். பாக்கி இருந்தது டாக்டர் பரிசோதனை ஒன்றுதான். நீ அதற்குள் குழாயடியில் "எம் மவன் வெள்ளப் பேன்ட்டு, வெள்ளச் சட்டைல போவான், சோப்பு கட்டுபடியாவாது" என்று அலுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாய். அப்பா தோல் கிடங்கில் உப்புக்கும் ஈரத்துக்கும் நடுவிலேயே நெஞ்சு அடைத்துச் செத்தவர். அந்தக் கிடங்கு வாசலை மகன் மிதிக்க வேண்டாம் என்று நீ நினைத்தாய். தப்பா?

பரிசோதனையில் ஒரு புத்தகம் காட்டுவார்களாம். பக்கத்துக்குப் பக்கம் கலர் கலராய்ப் புள்ளி. புள்ளிக்கு நடுவில் ஒரு நம்பர் இருக்கும், அதைச் சொல்ல வேண்டும். முந்தின தடவை போய்விட்டு வந்த ஒருத்தன் அந்த நம்பர்களை வரிசையாக ஞாபகம் வைத்திருந்தான். நம் ஆட்களுக்குப் பரீட்சை என்றால் மனப்பாடம். பைபிள் வசனமும் மனப்பாடம், பானிப்பட்டுப் போரும் மனப்பாடம், வாய்ப்பாடும் மனப்பாடம். அப்புறம் இதை மட்டும் ஏன் விட வேண்டும்? சாயங்காலம் சாலே கூடி அண்ணனை நடுவில் உட்காரவைத்துக் கேட்டது. நீ மசாலா அரைத்துக்கொண்டே "மொதப் பக்கம்?" என்பாய். "பன்னெண்டு." "அடுத்தாப்ல?" "எட்டு." "அதுக்கு அடுத்தது?" "ஆறு." பக்கத்துக் கோலி வேலம்மா மதினிகூட முழு வரிசையையும் ஒப்பிப்பாள். அவளும் ஸ்டேஷன் மாஸ்டர் ஆகியிருக்கலாம் என்று நாம் சிரித்தோம்.

அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்று அதுவரை நம் யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. அது எப்படி என்று பின்னால் அவனிடம் கேட்டேன். "எல்லாரும் புள்ளியத்தான் பாக்காங்க, நம்பர மனப்பாடமாச் சொல்லுதாங்கன்னு நெனச்சேன் பிள்ள" என்றான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்றைக்கு நீயும் கூடப் போனாய். மகன் ஸ்டேஷன் மாஸ்டர் ஆகிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் உனக்கு. டாக்டர் முதல் பக்கத்தைத் திறந்தார், அண்ணன் பன்னிரண்டு என்றான். இரண்டாவது பக்கம் முழுக்கத் திறப்பதற்குள் எட்டு என்றான். டாக்டர் ஏறிட்டுப் பார்த்தார், புத்தகத்தை மூடினார், நடுவில் எங்கேயோ திறந்தார். அண்ணன் ஆறு என்றான். அவ்வளவுதான். ஏமாற்றுக்காரன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்கள். அப்புறம் உன்னை உள்ளே கூப்பிட்டு டாக்டர் ஒரே ஒரு வரி சொன்னார். "யே மா கீ தரஃப் ஸே ஆத்தா ஹை." தாய் வழியாக வருவது.

உனக்கு இந்தி காய்கறிக் கடை அளவுக்குத்தான் தெரியும். அந்த ஒரு வரி மட்டும் முழுசாகப் புரிந்துவிட்டது. அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் உன் அப்பா மிளகாய் பழுத்ததா பழுக்கவில்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் பறிப்பாராம், நீயே சொல்லியிருக்கிறாய். கண் உன் வழியாகத்தான் வந்தது. ஆனால் டாக்டர் கண்ணைப் பற்றிச் சொன்னதை இந்தச் சால் அண்ணன் தலையெழுத்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. நீயும் எடுத்துக்கொண்டாய். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதற்கப்புறம் என்னென்ன செய்தாய். முருங்கைக் கீரையாக ஆக்கிப் போட்டாய். அவன் தட்டைப் பார்த்தாலே ஓடினான். நம் சபையில் மெழுகு, நேர்ச்சை ஒன்றும் கிடையாது, பாதிரி ஐயருக்குத் தெரிந்தால் ஆலயத்தில் பெயர் சொல்லித் திட்டுவார். ஆனாலும் யாருக்கும் சொல்லாமல் பாந்த்ரா மலை மாதா கோயிலுக்கு ரயில் ஏறிப் போய், வாசலில் விற்கிற மெழுகுக் கண் ஒரு ஜோடி வாங்கி வைத்துவிட்டு வந்தாய். ஒரு வருஷம் இல்லை, சாகும்வரை வருஷா வருஷம் வைத்தாய். மகனுக்குக் கண்ணைக் கெடுத்துவிட்டேன், திருப்பிக் கொடு என்று கேட்டாயா? என்ன கேட்டாய், எம்மா?

அண்ணன் தோல் கிடங்குக்குப் போனான். எஸ்.எஸ்.சி. படித்த கையால் உப்பை அள்ளித் தோலில் தேய்த்தான். சாயம் போடுகிற பக்கம் கூலி கொஞ்சம் அதிகம், அங்கேயும் அவனால் போக முடியாது. மேஸ்திரி ஒரு நாள், "இவன் அப்பனும் இதே எடத்துலதான் நின்னான். ரத்தம் எங்க போவும்?" என்றாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாராம்.

சாகிற அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "எம் ரத்தம் ஒனக்கு ஆவலய்யா. மன்னிச்சிரு ராசா." அவன் உன் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பதில் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு வந்த தீபாவளி. மாட்டுங்காவில் நான் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற வீடுகளில் அலமேலு மாமி வீடு ஒன்று. நல்ல மனுஷி. எனக்கென்று ஒரு காப்பி டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியின் மகன் ரமணி ஆபீஸ் புறப்பட்டு வந்தார். மாமி அவர் காலைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாரேன் எஸ்தர், ஒரு கால்ல பச்சை சாக்ஸ், ஒரு கால்ல காப்பிக் கலர். இவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பொறவியிலேயே அப்படி."

அளவு டேப்பைக் கீழே வைத்தேன். என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன்.

"ரயில்வேலதான். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குன்னு போனான், கண்ணுல தள்ளிட்டா. இவன் சித்தப்பா அங்கே ஆபீஸ்லயே இருந்தாரோன்னோ, கலர் பாக்க வேண்டாத வேலையும் இருக்கு, அதுல போடுங்கோன்னு ஒரு மனு எழுதிக் குடுத்தார். கிளார்க்காப் போட்டுட்டா. இப்போ ஹெட் கிளார்க். செம்பூர்ல ஃப்ளாட் பாத்திண்டிருக்கான். கண்ணு கெடக்கட்டும், மூளை எங்காத்து வழி. எங்கப்பா கணக்குல புலி."

ரமணி சாக்ஸை மாற்றிக்கொண்டே சொன்னார். "அம்மா, அந்தத் தாராவிப் பையன் கதையச் சொன்னியோ இவளுக்கு?" மாமிக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு இவரோடு பரிசோதனைக்கு ஒரு பையன் வந்திருந்தானாம். நம்பரையெல்லாம் கடகடவென்று மனப்பாடமாக ஒப்பித்தானாம். டாக்டர் நடுப்பக்கத்தைத் திறந்ததும் மாட்டிக்கொண்டானாம். யாராவது விருந்தாளி வந்தால் அவர்கள் வீட்டில் இந்தக் கதை உண்டாம்.

"அது எங்க அண்ணன்" என்றேன்.

மாமி சிரிப்பு அப்படியே நின்றது. ரமணி நல்ல மனுஷன்தான், முகம் செத்துப் போய்விட்டது. கழற்றின சாக்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அவர் ஏன் மனு போடலை? யாராவது சொல்லியிருப்பாளே."

"யாரு சார் சொல்லுவா? எங்க சித்தப்பாவும் தோலுக்கு உப்புதான் போட்டுட்டு இருந்தாரு."

வெளியே வந்து கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியாது. வழியில் ஒரு மரத்தடியில் நின்று அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும். ஒரே நாள், ஒரே புத்தகம், ஒரே குறை. ஒருத்தருக்கு அது சாக்ஸ் மாறிப் போகிற வேடிக்கை, ஒருத்தனுக்கு ஆயுசு முழுக்க உப்பு. ரமணியைப் பெற்ற மாமிக்கும் டாக்டர் அதே வரியைத்தானே சொல்லியிருக்க வேண்டும்? தாய் வழி. மாமி எந்தக் கோயில் வாசலிலும் மெழுகுக் கண்ணோடு நிற்கவில்லையே. சாகிற நேரத்தில் மகனிடம் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லையே.

இன்னொன்றும் பார். அவர்கள் வீட்டில் மூளை ரத்தத்தில் வருகிறது, கண் சும்மா வருகிறது. நம் வீட்டில் கண் ரத்தத்தில் வருகிறது, மூளையைப் பற்றிக் கேட்க ஆளே இல்லை. இரண்டு பரீட்சை தேறினானே, அது யார் ரத்தம்? அதற்கு ஒருத்தராவது உன்னைக் கூப்பிட்டு, தாய் வழியாக வந்தது என்று சொன்னார்களா? சித்தப்பா எழுதிக் கொடுத்த மனு உதவி. சாலே கூடிச் சொல்லிக் கொடுத்த நம்பர் திருட்டு. எம்மா, கண் உன் வழி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த உப்புக் கிடங்கு யார் வழி வந்தது?

இப்போது பம்பாயில் புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது, நீ இருந்தபோதே சுவரில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மதராஸிகளுக்கு ஆபீஸ் வேலையும் டைப்பு அடிக்கிறதும் கூடவே பிறக்கிறதாம், எல்லா நாற்காலியையும் பிடித்துக்கொண்டோமாம். எழுதினவனைக் கையைப் பிடித்து நம் கிடங்குக்குக் கூட்டி வந்து, எங்கே எங்கள் நாற்காலி, காட்டு என்று கேட்க எனக்கு ஆசை. ஆளாளுக்கு அடுத்தவன் ரத்தத்தைப் பற்றித்தான் பேச்சு.

மாமி வீட்டில் நடந்ததை அண்ணனிடம் சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன். பீடியை இரண்டு இழுப்பு இழுத்தான். "எம் பக்கத்துலதான் ஒக்காந்து நகத்தக் கடிச்சிட்டு இருந்தாரு. நல்லா இருக்காரா?" என்றான். நல்லா இருக்காரு என்றேன். "சரி" என்றான். இனி மனு போட முடியாது, வயது தாண்டிவிட்டது. எழுந்து போகும்போது, "அம்மைக்குத் தெரியாமப் போச்சே" என்று மட்டும் சொன்னான். அவனுக்கும் அதுதான் குறை.

இனிமேல்தான் உனக்குச் சேதி. உன் பேரன் அருளுக்கும் அதே கண்.

பச்சை நூல்கண்டு வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் எடுத்துப் போட்டதில் அவனே பொறுக்கிக் காப்பிக் கலரைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினான். நான் திட்ட வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். என் வழியாக வந்திருக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவனுக்கு.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மக்கு என்று பெயர். வாத்தியார் கணக்கைக் கரும்பலகையில் வெள்ளைச் சாக்குக் கட்டியில் எழுதுவார், முக்கியமான நம்பரை மட்டும் சிவப்பில் எழுதுவார். இவன் வெள்ளையை மட்டும் எழுதிக்கொண்டு வந்து பாதிக் கணக்கோடு நிற்பான். என் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "மாமனக் கொண்டு பொறந்திருக்கான். எதுக்குப் படிப்பு? வளந்ததும் கிடங்குல விடு. ரத்தத்துல இல்லாதது பள்ளிக்கூடத்துலயா வந்துரும்?" உன் மருமகனும் மில்லில் இருந்து வந்து தலையைக் குனிந்து சோறு தின்றார். தாயை அவர் தடுக்காததே எனக்குப் பயமாக இருந்தது. ரத்தம் என்கிற ஒரு சொல்லை வைத்து என் பிள்ளையையும் அதே உப்பில் போடப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியாரும் நம் ஊர்ப் பக்கத்து ஆள்தான், நாசரேத்துப் பக்கம்.

"சார், இவனுக்குச் சிவப்பு எழுத்து பலகையில தெரியாது. வெள்ளையில எழுதுங்க."

"ஒம் பிள்ளைக்காவ நான் சாக்குக் கட்டிய மாத்தணுமாக்கும்?"

"ஆமா சார்."

"பரம்பரையா மண்டைல ஒண்ணும் இல்லன்னா அதுக்குச் சாக்குக் கட்டி என்னம்மா செய்யும்?"

"அது மண்டைல இல்ல சார், கண்ணுல. பரம்பரைதான். எங்கம்மா குடுத்தது. மண்டைல என்ன இருக்குன்னு நீங்க இன்னும் பாக்கவே இல்ல. இப்பப் பாருங்க." நான் வாசலைவிட்டு நகரவில்லை. வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. வாத்தியார் முறைத்துக்கொண்டே வெள்ளையில் மூன்று கணக்கு எழுதினார். அருள் போய் நின்றான், மூன்றையும் முழுசாக வாசித்தான், போட்டான். இரண்டு சரி, ஒன்று தப்பு. அந்தத் தப்பு கண்ணால் வந்தது இல்லை, கவனம் இல்லாமல் வந்தது. வீட்டுக்கு வந்து அதற்கு ஒரு கொட்டு வைத்தேன்.

அதிலிருந்து வாத்தியார் வெள்ளையில்தான் எழுதுகிறார். என் பிள்ளை ஒருத்தனுக்காக என்று முனகினார். போன வாரம், வகுப்பில் இன்னொரு பையனும் கணக்கில் நிமிர்ந்துவிட்டான் என்று அவரே என்னிடம் சொன்னார். அவன் யார், அவன் தாய் யார் என்று நான் கேட்கவில்லை. அருள் இந்த வருஷம் மூன்றாம் வகுப்பு. முதல் ஆள் எல்லாம் இல்லை, நடுவில் எங்கேயோ இருக்கிறான். அது போதும். மூளையே இல்லாத பிள்ளையாக இருந்தாலும் அவன் உட்கார ஒரு பெஞ்சு உண்டு என்றுதான் நான் சண்டை போடுவேன்.

அண்ணன் ஒரு காரியம் செய்தான். அருளின் கலர்ப் பென்சில் ஒவ்வொன்றின் மேலும் காகிதம் ஒட்டி, பச்சை, சிவப்பு, காப்பி என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். எழுதும்போது ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டி, "இது என்ன பிள்ள?" என்று கேட்டுக் கேட்டு எழுதினான். இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு கிளிக்குப் பச்சை அடிக்கிறார்கள். கிளி பச்சையாகத்தான் இருக்கிறது.

கடைசிச் சேதி. நான் மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். என் மாமியார் அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். ஆண் பிள்ளையாக இருந்தால் கண் போய்விடுமாம். பெண் பிள்ளையாக இருந்தால் இதைச் சுமந்துகொண்டு போய் இன்னொரு வீட்டைக் கெடுக்குமாம். உன் வழக்கம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "ஒங்கம்மா மாதிரி மலை மாதாவுக்குப் போய் மெழுகுக் கண்ணு ஒரு ஜோடி வச்சிட்டு வா" என்றாள்.

"வைக்க மாட்டேன்" என்றேன். "எங்கம்மா வச்சதே தப்பு. அவ ஒண்ணும் கெடுக்கல, மன்னிப்புக் கேக்க." அன்றைக்கு உன் மருமகன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "விடும்மா. அவ சொல்லுததுதான் சரி" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் தன் தாயிடம் பேசின பெரிய பேச்சு அதுதான்.

அதனால் எம்மா, நீ கேட்ட மன்னிப்பை நான் திருப்பித் தருகிறேன். அது உனக்குத் தேவைப்படவே இல்லை. உன்னிடம் யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் கேட்கட்டும், நீ பெரிய மனசுக்காரி, கொடுத்துவிடு. நான் கொடுக்க மாட்டேன்.

உனக்கு என் வாக்கு இது. பிறப்பது ஆணாக இருந்தால் அவனையும் அதே பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்காரவைப்பேன். பெண்ணாக இருந்தால் உன் பெயர் வைப்பேன், அன்னம்மாள் என்று, சுருக்காமல் முழுப் பெயர். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதையும் ஒளிக்க மாட்டேன். யாராவது குழாயடியில், இது கண் குறை உள்ள வம்சம்தானே என்று கேட்டால், அவளுக்கு ஒரே பதில்தான் சொல்லிக் கொடுப்பேன். "ஆமா. அதுக்கென்ன இப்ப?"

உன் ரத்தத்தைத் தலை நிமிர்ந்து சுமக்கிற மகள்,
எஸ்தர்